புயல் உதவி: முதல் வாரத்துக்கு அப்புறம்?

புயல் அடித்த வாரத்துக்கு வாட்ஸ்அப் குழுவே போதும். அதற்கப்புறம் ஒரு கூகுள் ஷீட் போட்டுவிடுங்கள்: ஊர், தேவை, யார் பொறுப்பு, கொடுத்தாச்சா. எல்லோரும் பார்க்கலாம், திருத்துவது இரண்டு மூன்று பேர்தான். பயனாளிகளின் போன் நம்பர், வங்கிக் கணக்கு அதில் வேண்டவே வேண்டாம்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பிரெட்டும் பழைய புடவையும் ஒரே வாரத்தில் குவிந்துவிடும். வைத்த கன்று காய்க்க வருஷக்கணக்காகும். அதனால் பணத்தை மொத்தமாகக் கேட்காமல் மாதம் நூறு, இருநூறு என்று கேளுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அதுதான் தோது. தன்னார்வலர்களும் "எப்ப வேணா வரேன்" என்றால் விடாதீர்கள், தேதியை எழுத வையுங்கள். நடுவதற்கு ஆள் வந்துவிடும். சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் கிடைக்காது.