பழைய பண்ணை வீட்டுப் பாணியில் ஓர் அறையை அமைப்பது எப்படி

அமெரிக்காவில் ‘பிரிமிட்டிவ் கன்ட்ரி’ என்று வழங்கும் அலங்காரப் பாணி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நியூ இங்கிலாந்து, பென்சில்வேனியா போன்ற பகுதிகளின் பண்ணை வீடுகளில் புழங்கிய எளிய மரச்சாமான்களையும் மண்பாண்டங்களையும் துணிகளையும் பின்பற்றுவது. அவை உழைத்துத் தேய்ந்த பொருள்கள். ஆகவே அறைக்குள் கொண்டுவரும் ஒவ்வொன்றையும், இது என்ன வேலைக்குப் பயன்பட்டது என்று கேட்டுப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். விடை இல்லாத பொருளை வெளியே விட்டுவிடுவதே நல்லது.

சுவருக்குப் பளபளப்பற்ற, சற்றே மங்கிய வெள்ளை போதும். மரத்துக்குக் காவிச் சிவப்பு, கடுகு மஞ்சள், கரும்பச்சை, சாம்பல் கலந்த நீலம் ஆகியவை பொருந்தும். ஓர் அறைக்கு இவற்றில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இந்தப் பாணியின் உயிர், பால் பெயிண்ட் பூசிய மரத்தில் இருக்கிறது. பாலின் புரதமான கேசினும் சுண்ணாம்பும் மண் நிறமிகளும் சேர்ந்த இது பொடியாகவே விற்கப்படுகிறது. பொடிக்குச் சம அளவு தண்ணீர் சேர்த்துக் கலக்கி, நுரை அடங்கச் சிறிது நேரம் வைத்து, வடிகட்டிப் பூசலாம். பாலைப் போலவே கெட்டுவிடும் என்பதால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கரைத்துக்கொள்ள வேண்டும். பூச்சு ஏதும் இல்லாத வெறும் மரப்பரப்பு இதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வார்னிஷ் அடித்த பரப்பிலோ செதில் செதிலாக உதிரும்.

ஒரு மரப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். முதலில் அடர் நிறத்தைப் பூசிக் காயவிடுங்கள். பிறகு மூடியைத் தூக்கும்போது விரல் படும் விளிம்பிலும், மூலைகளிலும், கால் இடிபடும் அடிப்பகுதியிலும் தேன்மெழுகைத் தேய்த்து, அதன்மேல் வெளிர் நிறத்தைப் பூசுங்கள். காய்ந்தபின் மெழுகு தேய்த்த இடங்களை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டினால், மேற்பூச்சு விலகி அடிநிறம் எட்டிப் பார்க்கும். பலரும் தவறுவது இங்கேதான்: உப்புத்தாளை எடுத்துப் பெட்டி முழுவதும் ஒரே சீராகத் தேய்த்துவிடுகிறார்கள். கை படாத பின்பக்கம் எப்படித் தேய்ந்திருக்கும்? இழுப்பறையானால் குமிழைச் சுற்றியும், நாற்காலியானால் கால் ஊன்றும் முன்கட்டையிலும் தேய்மானம் இருக்க வேண்டும். தண்ணீர் பட்டால் பால் பெயிண்டில் கறை விழும்; எனவே கடைசியாக ஆளிவிதை எண்ணெயோ மெழுகோ பூசிவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியில் காயவிடுவது கட்டாயம்.

பழம்பொருள் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. வீடுகளில் பூசும் ஈயப் பெயிண்டை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. அதற்கு முன் வண்ணம் பூசப்பட்ட எதிலும் ஈயம் இருக்கலாம். அத்தகைய பொருளைச் சோதித்துப் பார்க்காமல் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. பூச்சு உதிரும் பொருள், எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

சுவரில் ஷேக்கர் சமயக் குழுவினர் பயன்படுத்திய முளைப்பலகையைப் பொருத்தலாம். வரிசையாக மரமுளைகள் அடித்த நீளப் பலகை அது. அவர்கள் தரையைக் கூட்டும்போது நாற்காலிகளைக்கூட அதில் மாட்டிவிடுவார்கள். உங்கள் அறையில் ஒரு கூடை, ஒரு துடைப்பம், ஒரு துணிப்பை மாட்டினால் போதும். மற்ற முளைகள் வெறுமையாகவே இருக்கட்டும்.

அலமாரியில் ஒரே ஒரு உப்பு மெருகுச் சாடியை வையுங்கள். சூளையின் உச்ச வெப்பத்தில் உப்பை வீசும்போது எழும் ஆவி களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகிறது. ஆரஞ்சுத் தோலைப் போன்ற நுண்குழிகள் அதனால்தான் உண்டாகின்றன. மேலிருந்து விழும் வெள்ளை விளக்கில் அவை தெரிவதில்லை. 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி பக்கவாட்டில் விழும்படி ஒரு சிறு விளக்கை அருகில் வைத்தால், சாடியின் குழிகளும் பெட்டியில் இழைப்புளி விட்டுச்சென்ற மேடுபள்ளங்களும் சேர்ந்தே கண்ணில் படும்.