ஏடு வைப்பும் எடுப்பும்: எல்லையோர வீடுகளில் சரஸ்வதி பூசை

பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவி, வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன்வர, திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் வழியில் குமரி மாவட்டத்துக் குழித்துறையில் ஓர் இரவு தங்கிச் செல்வதால், எங்கள் பக்கத்தில் நவராத்திரியின் தொடக்கத்தை யாரும் நாட்காட்டி பார்த்து அறிவதில்லை. ஆனால் வீட்டில் புத்தகங்களைப் பூசைக்கு அடுக்கி ஏடு வைக்க வேண்டிய நாளுக்குக் கட்டாயம் நாட்காட்டி பார்த்தாக வேண்டும். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டு வழக்கில் நவமியன்று புத்தகங்களை அடுக்கிப் பூசை செய்து, மறுநாள் விஜயதசமியில் எடுப்பார்கள். மலையாள வழக்கிலோ சூரியன் மறையும் நேரத்தில் அஷ்டமி இருக்கும் நாளில் வைத்து, சூரியன் உதிக்கும்போது தசமி இருக்கும் நாளில் எடுப்பார்கள். 2024ஆம் ஆண்டில் அஷ்டமி அக்டோபர் 10 பகலிலேயே தொடங்கிவிட்டதால் மலையாள வீடுகளில் அன்று மாலையே பூசை வைத்தார்கள். தசமி 12ஆம் தேதி முற்பகலில்தான் பிறந்ததால் எடுப்பு 13ஆம் தேதி காலைக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் 11ஆம் தேதி சரஸ்வதி பூசை, 12ஆம் தேதி விஜயதசமி. தமிழ்நாடு–கேரள எல்லையூரான களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் உறவுள்ள குடும்பங்களில் அவ்வாண்டு இதைப் பற்றிப் பேசாத வீடு இருந்திருக்காது. எந்த வழக்கும் தவறில்லை. வைப்புக்கு ஒரு பஞ்சாங்கம், எடுப்புக்கு மற்றொரு பஞ்சாங்கம் என்று மாற்றிக்கொள்வதைத்தான் தவிர்க்க வேண்டும்.

வைக்கும் நாளன்று காலையில் வீட்டைக் கழுவி, மாலையில் நீராடிய பின், கூடத்தின் வடகிழக்கு மூலையில் அரிசி மாக்கோலமிட்டு, அதன் மேல் மணைப்பலகையும், பலகையின் மேல் வெளுத்த வெள்ளை வேட்டியும் விரித்துச் சரஸ்வதி படத்தைக் கிழக்கு நோக்கி வைக்க வேண்டும். படத்துக்கு முன்னால் குத்துவிளக்கும், விளிம்புக்கு மேல் குவியும்படி நெல் நிறைத்த நாழியும் இருக்கட்டும். பூவுக்குத் தோவாளைச் சந்தை இருந்தாலும் அந்த வாரத்தில் பிச்சிப்பூவின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்பதால், வேலியோரத்துத் தெச்சியும் (இட்லிப்பூ) துளசியும் நிறையச் சேர்த்துக்கொண்டு, பிச்சியை ஒரு முழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெரிய புத்தகங்களை அடியிலும், வீட்டில் நாள்தோறும் பாராயணம் செய்யும் நூலை உச்சியிலுமாக அடுக்கி, பட்டுத்துணியால் மூட வேண்டும். தொழிற்கருவிகளுக்கு அடுக்கின் வலப்பக்கத்தில் தனி இலை போடுங்கள். ரப்பர் பால் வெட்டும் கத்தி, கொத்தனாரின் கரண்டி, தையற்காரரின் கத்திரிக்கோல் ஆகியவற்றைத் துடைத்து எண்ணெய் தடவிப் பொட்டு வைக்கலாம். மடிக்கணினிக்கு மட்டும் ஈரச்சந்தனம் வேண்டாம். மூடியின் மேல் ஒரு பூ போதும். தேர்வு நெருங்கியிருக்கும் பிள்ளை, கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் முதலாவதாகக் கொண்டுவந்து அடியில் செருகும். அதை அனுமதிப்பதா என்பது அந்தந்த வீட்டின் முடிவு.

படையல் எதையும் அடுக்கின் மேலோ அதையொட்டியோ வைக்கக்கூடாது. ஒருமுறை நான் சர்க்கரை கலந்த அவலைப் புத்தகங்களுக்கு அருகிலேயே இரவு முழுவதும் விட்டுவிட்டேன். எடுப்பு நாளன்று துணியை விலக்கியபோது, என் தாத்தாவின் பழைய கணக்கேட்டின் முதுகுப் பசையிலிருந்து அரிசி எறும்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. மேலட்டை கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து, காட்டி முடித்ததும் படையலை எடுத்துப் பகிர்ந்துவிடுகிறோம்.

பூசையில் முதலில் மஞ்சளால் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் சாத்தி, பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து வணங்குங்கள். பிறகு இன்ன நாளில், இன்ன குடும்பத்தார், கல்வியும் தொழிலும் சிறக்க இந்தப் பூசையைச் செய்கிறோம் என்று உங்கள் மொழியிலேயே மனத்தில் சொல்லிக்கொண்டு, தேவியின் நூற்றெட்டுப் போற்றிகளால் பூவிட்டு வழிபடுங்கள். பாட விரும்புபவர்களுக்குக் குமரகுருபரர் அருளிய சகலகலாவல்லிமாலை பொருத்தமானது. பத்தே பாடல்கள் என்பதால் பிள்ளைகளும் கூடவே பாடிவிடுவார்கள். அவல், பொரி, தேங்காய், மட்டி வாழைப்பழம், சிறுபயற்றுச் சுண்டல் ஆகியவற்றைப் படைத்துத் தூபமும் கற்பூரமும் காட்டினால் வைப்பு நிறைவடையும்.

அவல் நனைப்பதில் மட்டும் சிறிது கவனம் தேவை. ஒரு குவளை வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பிசுபிசுப்பு வரும் வரை காய்ச்சி, அரை மூடித் தேங்காய்த் துருவலை அதில் கிளறி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே இரண்டு குவளைச் சிவப்பு அவலையும் ஏலப்பொடியையும் சேர்க்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே அவலைப் போட்டால் ரப்பர்போல் இழுக்கும்.

எடுக்கும் நாள் வரை காலையும் மாலையும் விளக்கேற்றிப் பூவிட்டால் போதும். அந்த நாள்களில் வாசிப்பும் எழுத்தும் தொழிலும் இல்லை.

என்னைக் கேட்டால், பலர் அவசரமாக முடித்துவிடும் எடுப்புதான் இந்தப் பூசையின் உயிர். தசமியன்று சூரியன் உதித்த பின் நீராடி, விளக்கேற்றி, சிறு படையலுடன் மறுபூசை செய்து, படத்தை வடக்குப் பக்கமாகச் சற்றே நகர்த்திவிட்டு அடுக்கைப் பிரிக்க வேண்டும். அகன்ற தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, வீட்டுப் பெரியவர் முதலில் சுட்டுவிரலால் எழுத வேண்டும். மலையாள வீடுகளில் ‘ஹரிஸ்ரீ கணபதயே நம’ என்று எழுதுவார்கள். தமிழ் வீடுகளில் ‘ஓம்’ எழுதி, அதன்கீழ் ‘அ’ எழுதுவதும் உண்டு. முதன்முதலாக எழுதும் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து எழுத வைக்கும்போது, விரல் அரிசிக்குள் மிக ஆழமாகப் போகாமல் தாம்பாளத்தின் பித்தளை தெரியும் அளவுக்கு அழுத்தினால் எழுத்து தெளிவாக விழும். எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் தம் புத்தகத்தில் ஒரு பக்கத்தையேனும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தையல் தெரிந்தவர் ஒரு வரி தைக்கவும், பால் வெட்டுபவர் ஒரு மரத்திலாவது கத்தி வைக்கவும் வேண்டும்.

வாடிய பூக்களைத் தென்னை மூட்டில் போட்டுவிட்டு, எழுதிய அரிசியை அன்றே பாயசமாக வைத்து, முதல் கரண்டியை எழுதிய குழந்தைக்கு ஊற்றுங்கள்.