ஆய்வுக்கு ஆள் சேரவில்லையா? கையேட்டைக் குறை சொல்லாதீர்கள்

மருத்துவ ஆய்வுக்கு ஆள் சேரவில்லை என்றால், குழுவினர் முதலில் கைவைப்பது, ஆய்வைப் பற்றி விளக்கி நோயாளியிடம் கொடுக்கும் தகவல் கையேட்டில்தான். எழுத்தைப் பெரிதாக்குவார்கள், படம் போடுவார்கள், கடினமான சொற்களை எடுப்பார்கள். படிப்பவருக்கு அது நல்லதுதான். ஆனால் அதனாலேயே ஆள் கூடிவிடும் என்று நம்புவது தவறு. ஆள் சேர்க்கும் உத்திகளைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவச் சான்றுகளை அலசும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2018-இல் வெளியிட்ட அலசலில், படிப்பவர்களிடமே காட்டித் திருத்திய கையேடுகள்கூட எண்ணிக்கையை ஏறக்குறைய அசைக்கவில்லை. அழைப்புக்குப் பதில் போடாதவர்களுக்குப் போன் செய்து நினைவூட்டியதற்கோ ஓரளவு பலன் இருந்தது.

ஏன்? பலர் 'வேண்டாம்' என்று முடிவெடுத்து விலகுவதில்லை. முடிவே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் கையில் இருபது பக்கத்தைத் திணித்து, "படிச்சுட்டுச் சொல்லுங்க" என்கிறோம். யாரிடம் சொல்வது? எப்போது? தாள்கள் மருந்துச் சீட்டோடு மடிந்து பைக்குள் போய்விடும். "வியாழக்கிழமை பத்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன், சந்தேகங்களைக் குறித்து வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அழைப்பு பதிலைக் கேட்பதற்கு, சம்மதத்தைப் பிடுங்குவதற்கு அல்ல.

இன்னொரு தவறு, மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தை அறிவியலை, ஆளைப் பிடிக்கும் தூண்டில் ஆக்குவது. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று கேட்ட 1982-ஆம் ஆண்டு ஆய்வில், பிழைப்பவர் கணக்கைச் சொன்னபோது அறுவை சிகிச்சையைத் தேர்ந்தவர்கள் கூடினார்கள்; அதே கணக்கை இறப்பவர் பக்கமிருந்து சொன்னபோது குறைந்தார்கள். டாக்டர்களும் இதற்கு விலக்கல்ல. சொல்லும் விதத்துக்கு இவ்வளவு பலம் இருப்பதால்தான் எண்களை இரு பக்கமும் சொல்ல வேண்டும். 'மறுக்காவிட்டால் சம்மதம்' என்ற ஏற்பாடு உறுப்பு தானத்தில் சில நாடுகளில் உண்டு; புது மருந்துச் சோதனையில் அதற்கு இடமில்லை.

கடைசியாக, ஆள் சேர்ந்துவிட்டார் என்பதாலேயே மகிழ்ந்துவிடாதீர்கள். ஆய்வையே தனக்கான சிகிச்சை என்று நம்பிச் சேர்பவர்கள் உண்டு. மனநல மருத்துவர் பால் அப்பல்பாமும் சக ஆய்வாளர்களும் 1982-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு எந்த மருந்து என்று யார் முடிவு செய்வார்கள்?" யாருக்கு எந்த மருந்து என்று கணினியே சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிற ஆய்வில், "எனக்கு எது ஒத்துக்கும்னு டாக்டர் பார்த்துத் தருவார்" என்று பதில் வந்தால், பேனாவை நீட்டாதீர்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு முதலிலிருந்து பேசுங்கள்.