ராட்வீலரோடு வருகிறவருக்கு மாடி போர்ஷனை வாடகைக்கு விடுவது எப்படி: சென்னை வீட்டுக்காரர்களுக்கு

2025 ஜூன் கடைசியில் எங்கள் மாடி போர்ஷன் காலியாகக் கிடந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்ற அவசரம் எனக்கு. வந்து பார்த்த தம்பியும் அவர் மனைவியும் நல்ல மாதிரி. வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்த பிறகு, "அம்மா, எங்ககிட்ட ஒரு நாய் இருக்கு, ராட்வீலர். அதைச் சொன்னதும் ஆறு வீட்டுல முடியாதுன்னுட்டாங்க" என்றார். மறைக்காமல் சொன்னாரே என்பதற்காகவே சரி என்றேன். அந்த முடிவுக்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை நான் எழுதிய விதத்தால் அக்டோபரில் பெரிய சிக்கல் வந்தது. அதைத் தீர்த்த பிறகு, இதே நிலையில் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாடகை பேசுவது, முத்திரைத்தாள் வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாய் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: 'தடை செய்த நாய்' எது என்று தெளிவாகுங்கள்

இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ, காக்கேசியன் ஷெப்பர்டு என்று 23 வகை நாய்களுக்கு உரிமம் தர வேண்டாம், விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் விட வேண்டாம் என்றது அந்தக் கடிதம். நாய் வளர்ப்பவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்று ஏப்ரல் 10ஆம் தேதியே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றும் 23 நாய்ப் பட்டியலைக் காட்டி யாராவது "இது சட்டவிரோதம்" என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சென்னையில் நீங்கள் பார்க்க வேண்டியது மாநகராட்சியின் விதி. பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் இனிப் புதிதாக உரிமம் கொடுப்பதில்லை என்று 2025 டிசம்பரில் மாநகராட்சி முடிவெடுத்தது. ஏற்கெனவே உரிமம் வாங்கி வளர்க்கிறவர்கள் வெளியே அழைத்துப் போகும்போது கயிறும் வாய்மூடியும் கட்டாயம். அதனால் அந்தத் தேதிக்கு முன்பே உரிமம் பெற்ற நாயும், இன்று குட்டியாக வாங்கி வந்த நாயும் உங்களுக்கு ஒன்றல்ல. முதலாவதற்கு வீடு விடலாம். இரண்டாவதற்கு விடாதீர்கள்.

அப்புறம், நாயை நேரில் பாருங்கள். "லேப் கிராஸ்" (லேப்ரடார் கலப்பு) என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. நான் அவர்களுடைய பழைய வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். புது ஆள் உள்ளே வரும்போது நாய் எப்படி இருக்கிறது, 'உட்கார்' என்றால் கேட்கிறதா, அந்த வீட்டுப் பெண் பிடித்தாலும் அடங்குகிறதா என்று கவனித்தேன். ஆண் ராட்வீலர் 50 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். வீட்டில் ஒருவருக்கு மட்டுமே அடங்கும் நாய் என்றால், அந்த ஒருவர் அலுவலகம் போனபின் வீட்டில் யாருக்கும் பாதுகாப்பில்லை. என்னைக் கேட்டால் காகிதங்களைவிட இந்த அரை மணி நேரம்தான் முக்கியம்.

படி 2: மூன்று காகிதங்கள்

மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் (நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண். மூன்றையும் அசலாக வாங்கிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் செல்லப்பிராணி வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருக்கிறது.

உரிமத்தில் இருக்கும் முகவரியையும் பாருங்கள். எங்கள் தம்பியின் உரிமம் பழைய வீட்டு முகவரியில் இருந்தது. யாராவது புகார் கொடுத்து அதிகாரிகள் வந்தால், நம் முகவரியில் உரிமமே இல்லாத நாய் இருப்பதாக ஆகிவிடும். குடிவந்த மாதத்திலேயே முகவரியை மாற்றச் சொல்லுங்கள். உரிமம் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியது, அதனால் முடியும் தேதியை உங்கள் கைபேசியிலும் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். இந்த இரண்டு வகை நாய்களுக்கு ஒருமுறை விட்டுப்போனால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது.

படி 3: ஒப்பந்தத்தில் 'செல்லப்பிராணி' என்று எழுதாதீர்கள்

நான் தவறியது இங்கேதான். தெருமுனை டைப்பிங் கடையில் இருந்த மாதிரிப் படிவத்தில், "வாடகைதாரர் செல்லப்பிராணி வளர்க்க அனுமதி உண்டு" என்று ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். தம்பியின் ராட்வீலர் பெயர் பீமா, அதை மனதில் வைத்துத்தான் எழுதினேன். ஆனால் அந்த வரியில் பீமா இல்லை.

அக்டோபரில் அந்தத் தம்பியின் அண்ணன் வேலைக்காக வெளிநாடு போனார். போகும்போது தன் நாயைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டார். பிட்புல் ஜாதி, இரண்டு வயது, உரிமமும் இல்லை, சிப்பும் இல்லை. ஆகஸ்ட் 19 அன்றுதான் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் கடித்து ஒருவர் இறந்திருந்தார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்தே எங்கள் தெருவில் பயம். முந்தைய ஆண்டு மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியதையும் யாரும் மறக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து, "ஒண்ணுக்கு ரெண்டா வச்சிருக்காங்களே, நீங்க கேக்க மாட்டீங்களா?" என்றார். நான் மாடிக்குப் போய்க் கேட்டேன். அந்தத் தம்பி சண்டை போடவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். அதில் எத்தனை நாய் என்றோ எந்த நாய் என்றோ ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பதில் சொல்ல வாயில்லை.

மூன்று வாரம் பேசிப் பேசி, அண்ணனின் நண்பர் ஒருவர் அந்த நாயை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்து புதிதாக எழுதினோம். இந்த முறை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எழுதிய வரிகள் இவை. தேவையானதை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

"வாடகைதாரர் பீமா என்று அழைக்கப்படும், இத்தனையாம் எண் சிப் பொருத்தப்பட்ட, கருத்தடை செய்யப்பட்ட ஆண் ராட்வீலர் நாய் ஒன்றை மட்டும் இவ்வீட்டில் வைத்திருக்கலாம். வேறு எந்த நாயையும், ஓர் இரவுக்காக ஆனாலும், வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அழைத்துவரக் கூடாது."

"மாநகராட்சி உரிமமும் தடுப்பூசியும் எப்போதும் நடப்பில் இருக்க வேண்டும். புதுப்பித்த ஏழு நாட்களுக்குள் நகலை உரிமையாளரிடம் தர வேண்டும்."

"படிக்கட்டு, கார் நிறுத்தும் இடம், மொட்டை மாடி ஆகிய பொது இடங்களில் நாய் கயிற்றிலும் வாய்மூடியுடனும், பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் பிடியிலும் மட்டுமே வர வேண்டும்."

சிப் எண் 15 இலக்கம். அதை அப்படியே எழுதுங்கள். பெயரையும் நிறத்தையும் வைத்து ஒரு நாயை இன்னொன்றாகக் காட்டலாம், சிப் எண்ணை வைத்து முடியாது.

சிலர் "நாயை எப்போதும் மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டி வைக்க வேண்டும்" என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எப்போதும் கட்டியே போட்டு, நடக்கவும் ஓடவும் விடாமல் நாயை வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். அதோடு, சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாயின் குணம் கெட்டுப்போகும். அது நமக்குத்தான் ஆபத்து.

"கடித்தால் மறுநாளே காலி செய்ய வேண்டும்" என்ற வரியை நம்பியும் இருக்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, போக மறுப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றம்தான் உத்தரவிட முடியும். பொதுத் தொல்லை தரும்படி வீட்டைப் பயன்படுத்துவதும் அதற்கு ஒரு காரணமாக ஏற்கப்படும், ஆனால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் தப்பு நம் பக்கம் வந்துவிடும். இதே சட்டப்படி ஒப்பந்தத்தை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. நாய் விஷயம் இருக்கும் ஒப்பந்தத்தில் இதை விடாதீர்கள். பிரச்சினை என்று போய் நிற்கும்போது கையில் இருக்கும் பலமே அந்தப் பதிவுதான்.

படி 4: கதவு

காகிதம் எவ்வளவு சரியாக இருந்தாலும், கதவு திறந்து கிடந்தால் நாய் வெளியே போய்விடும். எங்கள் வீட்டில் தெருக்கதவு ஒன்றுதான். தண்ணீர் கேன் போடுகிறவர், சிலிண்டர் போடுகிறவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்க வருகிறவர் எல்லோரும் அதன் வழியாகத்தான் வருவார்கள். பாதிப் பேர் திரும்பச் சாத்த மாட்டார்கள்.

மாடிப்படி ஏறி முடியும் இடத்தில் இரண்டாவதாக ஒரு கிரில் கதவு போட்டேன். ஐந்தடிக்குக் குறையாத உயரம். கையை எடுத்தால் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் வையுங்கள். கொண்டித் தாழ்ப்பாள் வேண்டாம், நாய் மூக்கால் தள்ளியே திறந்துவிடும், பீமா முதல் வாரமே திறந்தது. குறுக்கே இழுத்து மடக்கும் தாழ்ப்பாளை வெளிப்பக்கமாகப் போடுங்கள், உள்ளிருந்தும் கை விட்டுத் திறக்கும்படி ஒரு சின்ன இடைவெளி இருக்கட்டும். கம்பிகளுக்கு நடுவே நாயின் தலை நுழையக் கூடாது. செலவில் பாதியை நானே ஏற்றேன், கதவு என் வீட்டோடுதானே இருக்கப்போகிறது.

காலிங் பெல்லை அந்த இரண்டாம் கதவுக்கு வெளியே மாற்றிவிடுங்கள். மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்க பிளம்பர் போக வேண்டுமானால் முன்கூட்டியே போன் செய்வது என்று பேசி வைத்திருக்கிறோம். குடித்தனக்காரர் வீட்டுக்குள் நாம் போவதற்கே 24 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். நாய் இருக்கும் வீட்டில் அது நம் நன்மைக்கும்தான்.

வாய்மூடியில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: கூடை போன்ற வடிவம் மட்டுமே வாங்கச் சொல்லுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வகையில் நாயால் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்க முடியாது. நாய்க்கு உடல் சூடு தணிவதே அப்படித்தான். கூடைக்குள் வாயைத் திறக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். வசதியாக இருந்தால்தான் தினமும் மாட்டுவார்கள்.

படி 5: அக்கம்பக்கம்

நாய் வருவதற்கு முன்பே நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டேன், ஆகஸ்டில் தெருவே என் வாசலுக்கு வந்தது. புது ஒப்பந்தம் போட்ட பிறகு தம்பியும் நானுமாக நான்கு வீடுகளுக்குப் போய் உரிமத்தைக் காட்டினோம். காலை ஐந்தரைக்கும் இரவு பத்துக்கு மேலும்தான் நடைக்கு அழைத்துப் போவதாக அவர் சொன்னார், இதுவரை அப்படியே செய்கிறார். எதிர்வீட்டு அக்கா இப்போது அவரைப் பார்த்தால் பேசுகிறார்.

பிற்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

கடித்தால் வீட்டுக்காரர் மீது வழக்கு வருமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பாரதிய நியாய சம்ஹிதாவின் 291ஆம் பிரிவு, விலங்கைத் தன் வசம் வைத்திருப்பவர் தகுந்த பாதுகாப்புச் செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. நாய் குடித்தனக்காரர் வசம் இருக்கிறது. ஆனாலும் உடைந்த தெருக்கதவைச் சரிசெய்யச் சொல்லி அவர் எழுதியும் நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால், நஷ்ட ஈடு கேட்பவர்கள் உங்களையும் சேர்க்கக்கூடும். கதவு பற்றிய பேச்சை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் சங்கம் அனுமதிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரும்பான்மை உறுப்பினர்கள் சேர்ந்து தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணிக்கு முழுத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டி மாநகராட்சி உரிமம் இல்லாத நாயைக் காப்பாற்ற முடியாது.

நாய் இருக்கிறது என்று கூடுதலாக எவ்வளவு அட்வான்ஸ் கேட்கலாம் என்பது இன்னொரு கேள்வி. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் சட்டப்படி. நான் அதற்கு மேல் வாங்கவில்லை. கூடுதல் அட்வான்ஸுக்குப் பதில், பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பையும் ஏற்கும் செல்லப்பிராணிக் காப்பீடு எடுக்கச் சொன்னேன். நாய் வகையைப் பாலிசியில் விலக்கியிருக்கிறார்களா என்று வரி வரியாகப் படித்துவிட்டு எடுங்கள்.

கடைசியாக, ஒரு செவிலியர் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் கிரில் கதவில் நான் ஒட்டி வைத்த அட்டை: "நாய் கீறினாலும் கடித்தாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். தடுப்பூசி போட்ட நாய்தான் என்றாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவும்." கீழே தம்பியின் போன் எண்ணும் என் எண்ணும் இருக்கின்றன.