பெர்ல் மாட்யூலை டெபியன் பொதியாக்குவது எப்படி?

ஐந்து கணினிகள், ஐந்திலும் ஒரே ஸ்கிரிப்ட். அது கேட்கும் ஒரு பெர்ல் மாட்யூல் டெபியனில் இல்லை. ஒவ்வொரு கணினியிலும் ரூட்டாக நுழைந்து, பெர்ல் மாட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சிபேனிலிருந்து நிறுவிக்கொண்டிருந்தேன். நான்காவதை எட்டுவதற்குள் சிபேனில் புதிய பதிப்பு வெளியாகிவிட, எந்தக் கணினியில் எது இருக்கிறது என்பது எனக்கே மறந்துபோனது. சரி, ஆப்ட் நிறுவக்கூடிய பொதியாகவே (.டெப் கோப்பாக) கட்டிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தது இரண்டு நாளைத் தின்றது. அதில் ஒன்றரை நாள் ஒரே இடத்தில் போனது. அந்த இடத்தை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், மற்றதை வேகமாகக் கடந்துவிடுவோம்.

டெர்மினலும் ஆப்ட்டும் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். நம் மாட்யூலின் பெயர் ஃபூ::பார் என்று இருக்கட்டும்.

முதலில்: உண்மையிலேயே இல்லையா?

டெபியனில் பெர்ல் மாட்யூல்கள் ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே பொதிகளாக இருக்கின்றன. பெயர் வைக்கும் முறை தெரிந்தால் தேடுவது சுலபம்: எல்லாம் சிறிய எழுத்து, இரட்டை முக்காற்புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு சிறுகோடு, முன்னால் 'லிப்', பின்னால் 'பெர்ல்'. ட்ரை::டைனி என்பது லிப்ட்ரை-டைனி-பெர்ல் ஆகும். (பைதானுக்கு பைதான்3- என்றும், ரூபிக்கு ரூபி- என்றும் முன்னொட்டு மட்டும்தான். பெர்லுக்கோ இந்த முன்னும் பின்னும்.) 'கோர்லிஸ்ட் ஃபூ::பார்' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில மாட்யூல்கள் பெர்லுடனேயே வந்துவிடும். அதைப் பொதியாக்கப் புறப்பட்டால் வீண் வேலை.

கருவிகள்

டிஹெச்-மேக்-பெர்ல், ஆப்ட்-ஃபைல், டெவ்ஸ்கிரிப்ட்ஸ், லிண்டியன், பிபில்டர். ஐந்தையும் ஆப்ட் மூலம் நிறுவுங்கள். பிறகு டெப்ஃபுல்நேம், டெப்இமெயில் என்ற இரண்டு சூழல் மாறிகளில் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் போடுங்கள். போடாவிட்டால் பொதியின் பராமரிப்பாளர் இடத்தில் உங்கள் லாகின் பெயரும் கணினியின் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

செக்இன்ஸ்டால் போன்ற குறுக்குவழிகளை நிறையப் பேர் சொல்வார்கள். ஒரே கணினிக்கு என்றால் செய்யுங்கள். நாலு பேர் கையில் போகிற பொதிக்கு வேண்டாம் என்பேன். சார்புகளை, அதாவது பொதி ஓடத் தேவையான மற்ற பொதிகளை, அது தானாகக் கணித்துத் தராது. நமக்கு முக்கியமே அதுதான்.

ஒரே கட்டளை, பிறகு ஒன்றரை நாள்

'டிஹெச்-மேக்-பெர்ல் --சிபேன் ஃபூ::பார்' என்று தட்டினால், கருவியே மூலத்தை இறக்கி, பிரித்து, உள்ளே டெபியன் என்ற அடைவை உருவாக்கி, கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் கோப்புகளை எழுதிவிடும். அடைவுக்குள் போய், பொதியைக் கட்டும் 'டீபில்ட் -யூஎஸ் -யூசி' கட்டளையைத் தட்டினேன். பொதி கிடைத்துவிட்டது. (அதே அடைவில் தேடாதீர்கள், .டெப் கோப்பு ஒரு படி மேலே இருக்கும்.) என் கணினியில் நிறுவினேன், ஓடியது. அடுத்த கணினியில் நிறுவி ஸ்கிரிப்டை ஓட்டினால், ட்ரை::டைனியைக் காணவில்லை என்று பெர்ல் நின்றுவிட்டது.

கண்ட்ரோல் கோப்பைத் திறந்தேன். சார்புகளைப் பட்டியலிடும் டிபெண்ட்ஸ் வரியில் இரண்டே இரண்டு மாறிகள்: மிஸ்க்:டிபெண்ட்ஸ், பெர்ல்:டிபெண்ட்ஸ். வேறு எதுவும் இல்லை. ஃபூ::பாருக்கோ நாலு மாட்யூல்கள் வேண்டும்.

நடந்தது இதுதான். எந்த மாட்யூல் எந்த டெபியன் பொதிக்குள் இருக்கிறது என்பதை டிஹெச்-மேக்-பெர்ல் ஆப்ட்-ஃபைலின் அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. நான் ஆப்ட்-ஃபைலை நிறுவினேனே தவிர, 'ஆப்ட்-ஃபைல் அப்டேட்' ஓட்டவில்லை. அட்டவணை காலி. இந்த மாட்யூல்களுக்கு டெபியன் பொதி கிடைக்கவில்லை என்று கருவி திரையில் சொல்லத்தான் செய்தது. நாற்பது வரிகளுக்கு நடுவே ஓடிப்போன அந்த வரியை நான் பார்க்கவில்லை.

அப்படியானால் என் கணினியில் மட்டும் எப்படிக் கட்டப்பட்டது, சோதனைகள் எப்படித் தேறின? இங்கேதான் ஒன்றரை நாள் போனது. பழைய சிபேன் நிறுவல்களின் மிச்சமெல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில் கிடந்தது. பெர்ல் மாட்யூல் தேடும் பாதையில் அந்த இடமும் உண்டு, அதுவும் டெபியன் பொதிகள் இருக்கும் இடத்துக்கு முன்னாலேயே. அதனால் பொதியில் இல்லாத சார்பு எல்லாம் என் கணினியில் மட்டும் இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தது.

தீர்வு இரண்டு பகுதி. ஒன்று, 'ஆப்ட்-ஃபைல் அப்டேட்' ஓட்டி, டெபியன் அடைவை அழித்துவிட்டு, டிஹெச்-மேக்-பெர்லை மறுபடி ஓட்டுங்கள். இப்போது டிபெண்ட்ஸ் வரியிலும் பில்ட்-டிபெண்ட்ஸ்-இண்டெப் (கட்டும்போது தேவைப்படுபவை) வரியிலும் பெயர்கள் வந்து நிற்கும். இரண்டு, இனி எந்தப் பொதியையும் உங்கள் கணினியில் நேரடியாகக் கட்டாதீர்கள். 'பிபில்டர் கிரியேட்' ஒருமுறை ரூட்டாக, பிறகு ஒவ்வொரு முறையும் 'பிடீபில்ட்'. குறைந்தபட்ச டெபியன் மட்டும் இருக்கும் ஒரு துப்புரவான கூட்டுக்குள் அது கட்டும். கட்டவோ சோதிக்கவோ தேவைப்படும் சார்பு எது விட்டுப்போனாலும் அங்கேயே பல்லைக் காட்டிவிடும். டெபியனின் கட்டுமான இயந்திரங்கள் எஸ்பில்ட் என்ற இன்னொரு கருவியைத்தான் பயன்படுத்துகின்றன, அது தெரியும். ஆனாலும் முதல் பொதிக்கு பிபில்டரே போதும், இரண்டே கட்டளை.

கோப்புகளைத் திருத்துவது

ரூல்ஸ் கோப்பு மூன்று வரிதான், தொட வேண்டியதில்லை. தொட்டால், கடைசி வரியின் தொடக்கத்தில் இருப்பது டேப், இடைவெளி அல்ல என்பதை மறக்காதீர்கள். கண்ட்ரோலில் டிஸ்கிரிப்ஷனை நீங்களே எழுதுங்கள். முதல் வரி 80 எழுத்துக்குள், முற்றுப்புள்ளி இல்லாமல். ஆர்க்கிடெக்சர் 'ஆல்' என்று இருக்கும்; மாட்யூலுக்குள் சி நிரல் இருந்தால் மட்டும் 'எனி'. காப்பிரைட் கோப்பில் கருவி ஊகித்ததை அப்படியே நம்பாமல் மூலக்கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெர்லின் அதே உரிமம் என்று எழுதியிருந்தால் ஆர்ட்டிஸ்டிக் அல்லது ஜிபிஎல் என்று பொருள். இரண்டின் முழு உரையும் ஒவ்வொரு டெபியனிலும் காமன்-லைசென்சஸ் அடைவில் இருக்கிறது, சுட்டிக் காட்டினால் போதும்.

பிறகு, பொதியில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் லிண்டியன். அது 'இ' (பிழை) என்று தொடங்கிச் சொல்வதையெல்லாம் திருத்துங்கள். 'டபிள்யூ' (எச்சரிக்கை) வரிகளைப் படித்து முடிவெடுங்கள்.

நிறுவும்போது 'டிபிகேஜி -ஐ' வேண்டாம், அது சார்புகளை இறக்காது. 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டி, கோப்பின் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் சேருங்கள். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அதைக் கோப்பாகப் பார்க்காமல், களஞ்சியத்தில் அந்தப் பெயரில் பொதி தேடும்.

பின்சேர்க்கை: 1.45-க்குப் பிறகு 1.5

புதிய பதிப்பைப் பொதியாக்கினேன், ஆப்ட் மேம்படுத்த மறுக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பழையது 1.45, புதியது 1.5. பெர்ல் இவற்றைத் தசம எண்ணாகப் பார்க்கிறது, 1.5 பெரியது. டெபியனோ புள்ளிக்கு இருபுறமும் தனித்தனி எண்ணாகப் பிரிக்கிறது: 5, 45. எனவே அதன் கணக்கில் 1.5 தான் பழையது. சந்தேகம் வந்தால் 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ் 1.45 எல்டி 1.5' என்று கேளுங்கள் (எல்டி என்றால் முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதா என்று கேட்பது). பதில் திரையில் வராது, கட்டளை முடியும்போது திருப்பித் தரும் வெளியேறும் எண்ணைப் பார்க்க வேண்டும். உண்மை என்றால் 0. இங்கே 1 வரும்.

டெபியன் பதிப்பை 1.50 என்று எழுதிவிட்டால் முடிந்தது. மூலக்கோப்பின் பெயரிலும் அதே எண் வர வேண்டும், எண்ணுக்கு முன்னால் மட்டும் சிறுகோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டு: லிப்ஃபூ-பார்-பெர்ல்_1.50.ஆரிஜ்.டார்.ஜிஇசட். எண்ணுக்கு முன்னால் '1:' சேர்த்து ஈப்பாக் (மற்ற எண்களுக்கு முன் ஒப்பிடப்படும் முன்னெண்) வைக்கும் வழியும் உண்டு. ஆனால் ஒருமுறை வைத்தால் அந்தப் பொதி உள்ளவரை அதைக் கழற்ற முடியாது. ஒரு பூஜ்யத்தில் முடிகிற வேலைக்கு அது வேண்டாம்.