நடுகல் படித்த கண்ணோடு உரோமானியச் சிலைப் பீடத்தைப் படிக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நடுகற்களை (போரில் இறந்த வீரர்களுக்கு நட்ட எழுத்துடைய கற்களை)ப் படித்துப் பழகியவர்கள், உரோமானியப் பேரரசர் சிலைகளின் பீடக் கல்வெட்டுகளையும் படங்களைக் கொண்டு படிக்க இயலும். இலத்தீன் இலக்கணம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. முதலில் பெயர் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம் நடுகல்லில் 'கோவிசைய' என்று தொடங்கிப் 'பருமற்கு யாண்டு' (வர்மனுக்கு ஆட்சியாண்டு) என வரும் நான்காம் வேற்றுமை, அரசனைக் காலக்கணக்குக்காக மட்டுமே கொண்டுவருகிறது. கல்லோ தொறு (கால்நடை மந்தை) மீட்டு இறந்துபட்ட வீரனுக்கு உரியது. இலத்தீன் பீடத்திலும் பேரரசர் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையிலேயே நிற்பார்: டிராஜன் 'திராயானோ' என்றும் அகஸ்டஸ் 'அவுகுஸ்தோ' என்றும் வருவர். ஆனால் அங்கே சிலையே அவருக்கு உரியது. கிரேக்கம் வழங்கிய கிழக்கு மாகாணங்களில் பெயர் இரண்டாம் வேற்றுமையில் வரும். 'இந்நகரம் இன்னாரை' என்பதோடு தொடர் நின்றுவிடும், 'சிறப்பித்தது' என்னும் வினையை நாமே வருவித்துக்கொள்ள வேண்டும்.

காலம் அறிய, 'திரிப் பொத்' என்னும் சுருக்கத்தை அடுத்த எண்ணைப் பாருங்கள். அது 'மக்கள் காவலர்' என்னும் உரோமானியப் பதவிக்குரிய அதிகாரத்தைக் குறிக்கும். அந்த அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால், அது நம் 'யாண்டு' போலவே பயன்படும். உரோமில் உள்ள டிராஜன் தூணில் அந்த எண் 17, அது கி.பி. 113.

சிலை இருப்பதாலேயே வழிபாடு நடந்தது என முடிவு செய்வது தவறு. சந்தைவெளியில் மரியாதைக்காக நிறுத்திய சிலைகளும் மிகப் பல. 'புனிதம்' எனப் பொருள்படும் 'சாக்ரும்', 'தெய்வ ஆற்றலுக்கு' எனப் பொருள்படும் 'நூமினி', பூசகரைக் குறிக்கும் 'ஃபிளாமென்' ஆகிய சொற்கள் இருந்தால்தான் வழிபாடு என்று துணிந்து கூறலாம். 'திவுஸ்' என்பது இலத்தீனில் இறந்தபின் தெய்வமாக்கப்பட்டவரையே குறிக்கும். உயிரோடிருந்த அகஸ்டஸ் 'திவி எஃப்', அதாவது தெய்வமானவரின் (ஜூலியஸ் சீசரின்) மகன், என்றே எழுதப்பட்டார். பெர்காமோன் நகரில் கி.மு. 29இல் தமக்குக் கோயில் எழுப்ப அவர் இசைந்ததும் உரோமா என்னும் தெய்வத்தோடு சேர்த்தே.

செதுக்கி அழித்த இடத்தைச் சிதைவு என்று விட்டுவிடாதீர்கள். கி.பி. 211இல் கொல்லப்பட்ட பேரரசர் கெட்டாவின் பெயர் மாகாணங்கள் எங்கும் இவ்வாறே நீக்கப்பட்டது.

என் கருத்தில் மிகுந்த கவனத்துக்குரியது, சிறிய எழுத்தில் ஒடுங்கியிருக்கும் கடைசி வரியே. 'டி டி' (D D) என்றிருந்தால் அது பெரும்பாலும் நகரவையின் தீர்மானம்; 'எஸ் பி' (S P) என்றிருந்தால் ஒருவர் தம் பணத்தில் செய்தது. நடுகல்லில் ஊரார் பெயரைத் தேடும் அதே கண்ணோடு அவ்வரியைப் பார்த்து, கொடுத்தவர் பெயரைப் பேரரசரின் பட்டங்களுக்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.