எல்இடி இண்டிகேட்டர் போட்டதும் நாலும் சேர்ந்து மின்னுகிறதா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிய எல்இடி இண்டிகேட்டர் நாலையும் பைக்கில் மாட்டினேன். 10 வாட் பல்புக்கென்றே இருந்த பழைய பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைப்பது), லோடு குறைந்ததும் படபடவென அடித்தது. குறைந்த லோடை ஈடுகட்ட ரெசிஸ்டர் போடச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். அது சூடாகும், கரண்டையும் தின்னும், எனக்குப் பிடிக்கவில்லை. எல்இடிக்கான பிளாஷர் மாற்றியதும் வேகம் சரியானது.

ஆனால் இடது போட்டால் வலதும் சேர்ந்து மின்னியது. காரணம், மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும் ஒற்றை பல்ப். அதன் ஒரு முனை இடது ஒயரில், மறுமுனை வலது ஒயரில். எதிர்ப்பக்க விளக்குகள் வழியாகத்தான் அதற்கு எர்த். அந்தச் சொற்பக் கரண்டில் குண்டு பல்ப் எரியாது, எல்இடி ஒளிர்ந்துவிடும்.

ரிச்சி தெருவில் 1என்4007 டயோடு இரண்டு வாங்கினேன்; டயோடு கரண்டை ஒரு திசையில் மட்டுமே விடும். சில்லறைக் காசுதான். இடது ஒயரில் ஒன்று, வலது ஒயரில் ஒன்று. வெள்ளிக் கோடு உள்ள முனை பல்ப் பக்கம். அந்த இரு முனைகளையும் முறுக்கிச் சேர்த்து பல்பின் ஒரு காலில் சால்டர் வைத்து, இன்னொரு காலை பாடி எர்த்துக்குக் கொடுத்தேன். இப்போது இடது என்றால் இடது மட்டும்தான். இணைப்புகளுக்கு இன்சுலேஷன் டேப் வேண்டாம், வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.